தாதா கேட்ட கேள்வி

ம்ட்வாரா, தான்சானியா

டேய் செந்தில்,

எட்டு மாசமா ஒரு வரிகூட எழுதல. திட்டுறதைத் திட்டி முடிச்சுட்டு மேல படி. அம்மாவுக்கு முட்டி தேவலையா? சின்னவளுக்குப் பல்லு விழுந்த போட்டோ பார்த்தேன். அப்படியே உன் மூஞ்சி, பாவம்.

பள்ளிக்கூடத்துல எனக்கு முந்திரிக்கொட்டைன்னு பேர் வெச்சவன் நீ. இப்ப கொட்டை வெட்டித்தான் சோறு திங்கிறேன். உன் கருநாக்கு!

இங்க முந்திரிக்கொட்டை ஏலம் சூடு பிடிச்சிருக்கு. குடோன்ல ஒரு கிலோ சாம்பிள் எடுத்து, ஒவ்வொரு கொட்டையா ரெண்டா வெட்டி, நல்லது, புள்ளி விழுந்தது, சூம்பினது, சொத்தைன்னு பிரிச்சு எடை போடணும். நேத்து 280 கிராம் பருப்பு தேறுச்சு. 80 கிலோ மூட்டைக்கு 49 பவுண்டுக்கு மேல அவுட்டேர்ன், அதான், மூட்டையில தேறுற பருப்பு. பண்ருட்டியில அடிச்சுக்கிட்டு எடுப்பீங்க.

தராசு பிடிக்கிற அக்கா (இங்க அக்காவைத் 'தாதா'ன்னு கூப்பிடணும், சிரிக்காத) திடீர்னு கேட்டாங்க: "கப்பல்ல ஏத்தி அவ்வளவு தூரம் கொண்டுபோய் உடைக்கிறீங்களே, இங்க கை இல்லையா?" நான் கத்தியைத் துடைக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

கை இருக்குடா. பருப்பா அனுப்பினா கூலி இந்த ஊர்லயே தங்கும். கொட்டையாவே வித்தா, வாங்குறவன் வெச்சதுதான் விலை. 2018-ல அந்த விலை கட்டாதுன்னு இங்க அப்ப ஜனாதிபதியா இருந்த மகுஃபுலி ராணுவ லாரியை விட்டே கொள்முதல் பண்ணாரு, கிலோ 3,300 ஷில்லிங். மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற பெனின் நாடு 2024 ஏப்ரல்லேர்ந்து உடைக்காத கொட்டை வெளிய போகவே கூடாதுன்னுடுச்சு. ஆனா உடைச்சுட்டு எங்க விக்கிறது? நம்ம ஊர்ல கொட்டையா வந்தா வா வா. முழுப் பருப்பா வந்தா கிலோ 720 ரூபாய்க்குக் கீழ இறக்கக் கூடாதுன்னு 2019-ல கட்டு போட்டாச்சு. வியட்நாம்காரனும் கொட்டையத்தான் கேக்குறான், மிஷின் அவன்கிட்ட இருக்கு. ஆனா சீனா 2024 டிசம்பர்ல தான்சானியா மாதிரி பின்தங்கின நாட்டுச் சரக்குக்கு வரியையே தூக்கிடுச்சு. எங்க முதலாளி ராத்திரியெல்லாம் ஷாங்காய்க்குப் பருப்பு அனுப்புற கணக்குதான் போடுறார்.

இதை எழுதும்போது, கொட்டைப் பால் பட்டுக் கறுத்த உங்க பெரியம்மா கைதான் கண்ணுல நிக்குது. பண்ருட்டிக் கொட்டை உன் உடைக்கிற யூனிட்டுக்கு நாலு மாசம்கூடக் காணாது. மீதி நாள் அடுப்பு எரியிறது தூத்துக்குடியில இறங்குற இந்தச் சரக்காலதான். இங்க உடைக்க ஆரம்பிச்சா உனக்கு அடி விழும், தெரியாம பேசல. இருந்தாலும் தாதா கேட்டதுதான் நியாயம்னு படுது. கோச்சுக்கணும்னா கோச்சுக்கோ.

பொங்கலுக்கு வர்றேன். இங்கேயே உடைச்ச பருப்பு ஒரு கிலோ கொண்டு வருவேன். எங்க உடைச்சதுன்னு சொல்லாம பெரியம்மாகிட்ட குடு, அவங்க பார்த்துச் சொல்லட்டும். நீ முந்திக்கிட்டு உளறிடாத. அந்தப் பேரு எனக்கு வெச்சது.

ரவி