இயற்கைக் குகைகளுக்கும் சட்டக் காவல் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் இதழில் வந்த, ஆந்திரத்தின் அரக்குப் பயணக் கட்டுரை படித்தேன். போரா குகைகளின் படங்கள் அருமை. கூரையிலிருந்து தொங்கும் அந்தக் கல்விழுதுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு எந்த அளவுக்கு இருக்கிறது என்றும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் குகையும் வருகிறது. ஆனால் அதற்கு வரலாறு, தொல்லியல், கலை ஆகியவற்றில் ஏதாவது ஒரு முக்கியத்துவம் இருக்க வேண்டும். சித்தன்னவாசலில் ஓவியமும் சமணர் படுக்கையும் இருப்பதால் தொல்லியல் துறை காவல் நிற்கிறது. தண்ணீர் மட்டுமே செதுக்கிய குகை, எத்தனை லட்சம் ஆண்டுப் பழையதானாலும், இந்தச் சட்டத்தின் கண்ணில் படாது. கல்விழுது ஆயிரம் ஆண்டில் வழக்கமாகப் பத்து சென்டிமீட்டர்கூட வளராது. நினைவுப் பொருளாக ஒரு துண்டை உடைத்துக்கொண்டு போக ஒரு நிமிடம் போதும்.

போராவைச் சுற்றிய காட்டில் தனியாருக்குச் சுரங்கக் குத்தகை கொடுத்ததை எதிர்த்து, பழங்குடியினருக்காகப் பாடுபடும் 'சமதா' அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1997இல் உச்ச நீதிமன்றம், பழங்குடி மக்களுக்கென அரசமைப்பின்படி அறிவித்த பட்டியல் பகுதியின் அரசு நிலத்தைப் பழங்குடி அல்லாதவர்களுக்குக் குத்தகைக்கு விடக் கூடாது என்றது. மகத்தான தீர்ப்பு. ஆனால் அது மக்களின் நில உரிமைக்கான தீர்ப்பு. குகைக்குக் கிடைத்தது அதன் பக்கப்பலன்தான். பட்டியல் பகுதிக்கு வெளியே, ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்தில் இருக்கும் பேலம் குகைக்கு அது எப்படிக் கைகொடுக்கும்?

அமெரிக்கா 1988லேயே குகைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டது. கூட்டாட்சி அரசின் நிலத்தில் உள்ள முக்கியமான குகையைத் தெரிந்தே சேதப்படுத்தினால் சிறைகூடக் கிடைக்கலாம். அங்கிருந்து எதையும் அனுமதியில்லாமல் எடுத்தாலும் அப்படியே. குகை எங்கே இருக்கிறது என்ற தகவலைக்கூட அரசு வெளியிடாமல் வைத்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி ஏற்பாடுதான். இப்போது ஒரு ரீல்ஸ் போதுமே, அடுத்த வாரமே கூட்டம் கூடிவிடும்!

நம் சுரங்க அமைச்சகமும் 2022 டிசம்பரில் புவிப் பாரம்பரியத் தலங்களுக்கான (புவியியல் சிறப்புள்ள இடங்களுக்கான) மசோதாவின் வரைவை வெளியிட்டது. அதில் குகைகளும் உண்டு. அதைச் சட்டமாக்க வேண்டும், ஆனால் அப்படியே அல்ல. வரைவு, தலங்களை அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடம் கொடுக்கிறது. நிலத்தைக் கையகப்படுத்தவும் வழி செய்கிறது. மேகாலயாவை எண்ணிப் பாருங்கள். சோரா (சிரபுஞ்சி) அருகே மாம்லு குகையில் எடுத்த, தரையிலிருந்து எழும் ஒரு கல்முளையை வைத்துத்தான், 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய புவியியல் காலகட்டத்துக்கு 'மேகாலயன்' என்று 2018இல் பெயர் வைத்தார்கள். அங்கே நிலம் பெரும்பாலும் குலங்களுக்கும் ஊர்களுக்கும் சொந்தம். அவர்களைக் கேட்காமல் டெல்லியிலிருந்து பலகை நட்டால், குகைக்குப் பக்கத்திலேயே இருக்கும் காவலர்களை நாம் இழந்துவிடுவோம்.

இன்னொன்று, குகையின் வாயிலுக்கு மட்டும் வேலி போட்டால் போதாது. மேலே மழை இறங்கும் நிலமும் பாதுகாப்பு எல்லைக்குள் வர வேண்டும். அங்கே பாறையை வெட்டினால் உள்ளே சொட்டும் நீரின் வழியே மாறிவிடும். நம் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஊர் மக்களைக் கேட்பது, மேல் நிலத்தையும் சேர்ப்பது ஆகிய இந்த இரண்டு திருத்தங்களையும் அவையில் கேட்க வேண்டும். தங்கள் இதழும் இதைப் பற்றி ஒரு தலையங்கம் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வேலூர்.