மழைக்கு முன் கூரை ஏற வேண்டும்: குடி, போதை சிகிச்சை நிலையத்துக்கான நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த ஊர் உறவுகளுக்கும், கடல் கடந்து வாழும் எங்கள் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே, பொது நோக்கு மண்டபத்துக்கு அருகில் கட்டிவரும் குடி, போதை சிகிச்சை நிலையத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது. கூரை இல்லை. கையில் காசும் இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் வன்னி மழையை யாரும் பிடித்துவைக்க முடியாது. ஒரு மாரி முழுக்க நனைந்தால் கம்பி துருப்பிடிக்கும், கட்டிய கல்லும் பழுதாகும் என்று மேசன்மார் சொல்கிறார்கள். ஒக்டோபர் 15-க்குள் கூரை ஏறியாக வேண்டும். அதற்கு இன்னும் 23 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா தேவை.

இந்தக் காசுக்குக் கோயில் மதிலைக் கட்டியிருக்கலாமே என்று எங்களிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

கடந்த கார்த்திகையில் டித்வா புயல் அடித்தபோது எங்கள் குடும்பங்கள் பாடசாலையில் தங்கியிருந்தன. 2025 நவம்பர் 28-ஆம் திகதி கரை தொட்ட அந்தப் புயலில் நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எங்கள் ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. வற்றாப்பளை அம்மாளின் காவல் என்றுதான் சொல்வோம். ஆனால் இரண்டாம் நாள் இரவு ஒரு சம்பவம் நடந்தது. (வீட்டாரிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.) நாள் தவறாமல் குடிக்கும் ஒருவர், ஐம்பது வயது கடந்தவர், பாயில் இருந்தபடி எதையோ பொறுக்கிப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். "எறும்பு, எறும்பு" என்றார். பாயில் ஒன்றும் இல்லை. சேட் முழுக்க வியர்வை. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாதபடி கை ஆடியது. பேய் பிடித்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, விபூதி பூசித் தேவாரம் பாடினார்கள். விடியப்புறம் வலிப்பு வந்தது. ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். உழவு இயந்திரப் பெட்டியில் படுக்கவைத்து, நான்கு பேர் மேலே தறப்பாளைப் பிடித்தபடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம்.

குடித்ததால் வந்த வருத்தம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். குடி நின்றதால் வந்தது என்று டொக்டர் சொன்னார். வருடக்கணக்காக நாள்தோறும் குடித்த உடம்புக்குச் சாராயம் திடீரென நின்றால் ஆறேழு மணித்தியாலத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கிவிடும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் பிதற்றல், இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல்; கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். இதற்கு மருந்து இருக்கிறது. வைத்தியர் அளந்து கொடுக்கும் டயசிபாம், கூடவே தயமின் என்ற விற்றமின் பி1. ஊசியாகப் போட்டாலும் பெரிய செலவில்லை. ஆனால் வெள்ளம் ரோட்டை மூடிய இரவில் அது எங்களிடம் இல்லை. என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆளும் இல்லை.

அவர் பிழைத்தார். இரண்டு மாதம் தொடவே இல்லை. நிவாரணக் காசு கைக்கு வந்த கிழமை திரும்பவும் தொடங்கிவிட்டார். அவரைத் திட்டுவதற்கு ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. அந்த இரண்டு மாதமும் பக்கத்தில் இருந்து பேச, கிளினிக்குக் கூட்டிப்போக ஒருவரும் இருக்கவில்லை என்பதை மட்டும் நாங்கள் சொல்லிவைக்கிறோம்.

இது எங்கள் ஊரோடு நின்ற கதையும் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லாம் பூட்டப்பட்டபோது, கேரளத்தில் குடி கிடைக்காமல் தற்கொலை செய்தவர்கள் பற்றிய செய்திகளை நாமும் வாசித்தோம். டொக்டர் எழுதிய மருந்துச் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்று அந்த அரசாங்கம் உத்தரவே போட்டது. உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2005-இல் அமெரிக்காவில் கத்ரினா புயல் அடித்தபோது, ஹெரோயினில் இருந்து மீள மெதடோன் மருந்து எடுத்துவந்தவர்கள் ஊர் விட்டு ஊர் போய்த் தவித்தார்கள். அவர்களின் கிளினிக்குகள் மூடிக்கிடந்தன. யாருக்கு எவ்வளவு அளவு என்று புது ஊர்க்காரருக்குத் தெரியவில்லை. அதனால்தான் எங்கள் நிலையத்தில் பதியும் ஒவ்வொருவருக்கும் பெயர், மருந்து, அளவு, அடுத்த கிளினிக் திகதி எழுதிய அட்டை ஒன்றைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கொடுக்கப் போகிறோம். அடையாள அட்டையோடு அதுவும் மடியில் இருக்கட்டும்.

ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து அனர்த்த கால மனநல உதவிக்கென்று 2007-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே மது, போதைக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இருந்தும் வெள்ளம் வந்தால் நாம் அரிசி, பருப்பு, பாய், பால்மா என்றுதான் பட்டியல் போடுகிறோம்.

இப்போது கொஞ்சம் பழைய கதை. இளைய பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். குழுவில் இருக்கும் பெரியவர்கள் இதைப் போடாவிட்டால் கையெழுத்து வைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

1803-இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பண்டாரவன்னியன் நடந்த மண் இது. அவன் தோற்ற கற்சிலைமடு இங்கிருந்து கூப்பிடு தூரம். காடு வெட்டிக் குடியேறிய எங்கள் பாட்டன்மார் யானைக்கும் மலேரியாவுக்கும் நடுவில் வயலாக்கினார்கள். பிறகு, படித்த இளைஞருக்குக் காணி கொடுத்து விவசாயத்தில் இறக்கிய படித்த வாலிபர் திட்டம் வந்தது. காற்சட்டை போட்ட பெடியன்கள் மண்வெட்டி பிடிக்கப்போகிறார்களாம் என்று சிரித்தவர்கள், 1970-களில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அரசாங்கம் இறக்குமதியை மட்டுப்படுத்தியதால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வரவில்லை; எங்கள் செத்தல் மிளகாய் லொறி லொறியாகத் தெற்குக்குப் போனது. அந்தக் காலத்து மிளகாய்க் காசில் எழும்பிய கல்வீடுகள் எத்தனை! கோயிலுக்குத் தேரும் அப்போதுதான் ஓடியது. அந்தியில் ஒரு போத்தல் கள்ளு, அதோடு சரி. விடிய நான்கு மணிக்கு இறைப்பு மெசின் சத்தம் கேட்கும்.

அப்புறம் நடந்ததை எழுதத் தேவையில்லை. 2004 சுனாமி கரையோரத்தை அள்ளியது. 2009-இல் முள்ளிவாய்க்கால் வரை போனோம். மிஞ்சியவர்கள் செட்டிக்குளம் மனிக் பாமில் கம்பி வேலிக்குள் இருந்தோம். 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாம் மூடப்பட்டது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, ஆனால் ஏ-9 பக்கம் போனால் மதுக்கடை இருந்தது. வன்னி மக்களின் மனவடுவை ஆய்ந்து எழுதிய மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், இது தனி ஆளுக்கு வந்த காயம் மட்டுமில்லை, ஊர் முழுவதற்கும் வந்தது என்றுதான் சொல்லிவந்தார். நித்திரை வராமல் குடிக்கத் தொடங்கியவர்கள் எங்களில் இருக்கிறார்கள். புதைக்கக்கூடப் பிள்ளையின் உடம்பு கிடைக்காத தகப்பன்மாருக்கு நாம் எதைச் சொல்லி நிறுத்துவது? 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடானபோது பழைய பயம் திரும்ப வந்தது. கசிப்பு என்ற கள்ளச் சாராயமும் திரும்ப வந்தது. இப்போது பிள்ளைகள் கையில் கேரளக் கஞ்சாவும் ஐஸ் என்ற போதைப்பொருளும். ஐஸை விடவைக்கும் குளிசை என்று ஒன்று இல்லை. பேசிப் பேசி, வேலையில் சேர்த்து, வீட்டாரையும் கூட்டிவைத்துத்தான் மீட்க வேண்டும். அதற்கு ஓர் இடம் வேண்டும். நீதிமன்றம் அனுப்பும் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம் பொலன்னறுவையில் இருக்கிறது; தாய் ஒருத்தி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவர எத்தனை நாள் கூலியை விடுவாள்?

ஆறு கட்டில், ஒரு ஆலோசனை அறை, ஒரு மருந்து அறை. நிலத்திலிருந்து நான்கு அடி உயரத்தில் அத்திவாரம், வெள்ளத்துக்காக. பொது நோக்கு மண்டபம் இனி வெள்ள நேரத்துத் தங்கிடமாக இருக்கும் என்பதால் அதன் பக்கத்திலேயே. வைத்தியசாலை மனநலப் பிரிவினர் கிழமைக்கு ஒருமுறை வந்து கிளினிக் நடத்தச் சம்மதித்திருக்கிறார்கள். மருந்து எழுதுவது அவர்கள் பொறுப்பு; கடுமையானவர்களை மழைக்கு முன்பே வைத்தியசாலைக்கு மாற்றவும் அவர்களே பட்டியல் தருவார்கள். நாங்கள் வைத்தியம் பார்க்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

மொத்தச் செலவு 78 இலட்சம். கிடைத்தது 54 இலட்சத்து 40 ஆயிரம். மிச்சத்தில் கூரைக்கு 11 இலட்சத்து 80 ஆயிரம், கதவு யன்னலுக்கு 4 இலட்சத்து 20 ஆயிரம், வயறிங், சோலர், பற்றரிக்கு 5 இலட்சத்து 10 ஆயிரம், மலசலகூடத்துக்கும் சாய்வுப் பாதைக்கும் 2 இலட்சத்து 50 ஆயிரம். சோலர் ஆடம்பரம் என்று ஒருவர் சொன்னார். புயலில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்பதை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

தந்தவர்களை நன்றியோடு நினைக்கிறோம். தன் மிளகாய்த் தோட்டத்தில் கால் ஏக்கரை எழுதிக்கொடுத்த பெரியவர், பெயர்ப்பலகையே வைக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். வெளிநாட்டு உறவுகள் 34 இலட்சம் தந்தார்கள். அதில் சுவிஸில் வாழும் ஒரு சகோதரி, குடியால் போன தன் அண்ணனின் முப்பத்தொராம் நாள் அன்னதானக் காசை அப்படியே அனுப்பினார். அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தபோது செயலாளரால் முடிக்க முடியவில்லை. ஸ்காபரோவிலிருந்து பிள்ளையின் பிறந்தநாளுக்கு அனுப்பியவர்கள், பிரான்ஸில் கடையில் உண்டியல் வைத்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. கோயில் பரிபாலன சபை 6 இலட்சம். கடற்றொழிலாளர் சங்கம், தங்களுக்கே வலை போன வருடத்தில், 3 இலட்சத்து 40 ஆயிரம். ஊர்ச் சனம் 11 இலட்சம்; அதில் மாதர் சங்கம் பிடியரிசி சேர்த்து விற்ற 46 ஆயிரமும் அடக்கம். உலையில் போடும் அரிசியில் வேளைக்கு ஒரு பிடி. நுண்கடன் கிழமைக் காசு கட்டமுடியாமல் நிற்கும் பெண்கள் கொடுத்தது அது. பங்குத்தந்தையும் பங்கு மக்களும் சிரமதான நாட்களில் சாப்பாடு தந்தார்கள். அத்திவாரத்துக்குக் கிரவல் பறித்த டிப்பர்காரத் தம்பி டீசல் காசு மட்டும்தான் எடுத்தார்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். சித்திரையில் கையை உயர்த்தித் தொகை சொன்னவர்களில் பதினொரு பேர் இன்னும் அனுப்பவில்லை. பெயர் போடமாட்டோம்; அவர்களுக்கே தெரியும். போன திருவிழாவில் ஒரே இரவில் வாணத்துக்கும் சோடனைக்கும் போன காசு எங்கள் கதவு யன்னல் எல்லாவற்றுக்கும் போதும். விடுமுறைக்கு வந்து நண்பர்களுக்கு விஸ்கிப் போத்தல் பகிர்கிறவர்களே, அதில் இரண்டு போத்தலின் விலைக்கு ஒரு யன்னல் போடலாம். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். உங்களோடு குடித்தவரின் மனைவி எங்களிடம்தான் வந்து அழுகிறாள். "குடிகாரனுக்கு என் காசா?" என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது: எங்கள் பதிவில் ஏற்கெனவே 27 குடும்பங்கள் இருக்கின்றன, அதில் உங்கள் உறவும் இருக்கலாம். யார் என்று நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம்.

காசாகத் தர முடியாதவர்கள் கூரைத் தகரமாகவோ, சீமெந்தாகவோ, மெத்தையாகவோ தரலாம். வங்கிக் கணக்கு விபரத்தைப் பொருளாளரிடமோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ நேரில் கேட்டுப் பெறுங்கள். குழுவின் முத்திரை இட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் ஒருவரிடமும் சதம்கூடக் கொடுக்க வேண்டாம். வரவு செலவு மாதம் தோறும் பொது நோக்கு மண்டபச் சுவரில் ஒட்டப்படும்; சந்தேகம் இருந்தால் வந்து பார்த்துக் கேளுங்கள்.

கூரை மரம் ஏற்ற வரும் ஞாயிறு காலை 6 மணிக்குச் சிரமதானம். சாப்பாடு உண்டு. ஏணி வைத்திருப்பவர்கள் கட்டாயம் கொண்டுவாருங்கள், எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.

இங்ஙனம்,
கட்டடக் குழுவினர்