பழைய கணினி படுத்துக்கொண்டால்...

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினி திணறினால் புதிது வாங்குங்கள் என்று உங்கள் கணினிப் பக்கத்தில் படித்தேன். அவ்வளவு அவசரம் வேண்டாம். நான் சிறு அச்சகம் நடத்துபவன். எட்டு வருடப் பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு என்ற இலவச இயங்குதளம் போட்டு, வாடிக்கையாளர் கோப்புகளை அதில்தான் வைத்திருக்கிறேன். தினமும் மாலை ஆறு மணிக்கு அது படுத்துக்கொள்ளும்.

காரணம் தேட, கணினியின் வேலைப்பளுவைக் காட்டும் கிளான்சஸ் (Glances) என்ற இலவசக் கருவியை டாக்கரில் (Docker - மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனி அறைக்குள் ஓட்டும் ஏற்பாடு) ஓட்டினேன். ஒரே வரிக் கட்டளைதான். சிபியூ, மெமரி கணக்கைச் சரியாகக் காட்டியது. ப்ராசஸ், அதாவது ஓடும் நிரல்களின் பட்டியலில் மட்டும் தன்னைத் தவிர வேறெதையும் காட்டவில்லை! கன்டெய்னர் என்பது கதவு சாத்திய அறை அல்லவா? கட்டளையில் ‘--pid host’ என்று சேர்த்த பிறகே வீடு முழுக்கத் தெரிந்தது. அன்று மாலை பிரவுசரில் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிபியூ சும்மா இருக்கிறது, டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கிறது. குற்றவாளி ஆர்சிங்க் (rsync) என்ற கோப்பு நகலெடுக்கும் நிரல், அதாவது நானே ஆறு மணிக்கு வைத்த பேக்கப். இரவு 2 மணிக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது.

அப்புறம் ஒன்று. உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ (UFW) தீச்சுவர், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் மென்பொருள், காக்கிறது என்று நம்பியிருந்தேன். டாக்கர் திறந்துவிடும் போர்ட்டை (வெளி இணைப்பு நுழையும் வாசலை) அது தடுப்பதில்லை. கடைப்பையனின் போனில் என் கணினியின் ஜாதகமே தெரிந்தது! கட்டளையில், கிளான்சஸின் பிரவுசர் பக்கத்துக்கான போர்ட் எண் 61208-க்கு முன் 127.0.0.1 (அதே கணினியைக் குறிக்கும் முகவரி) சேர்த்தால் அந்தக் கணினியில் மட்டும் திறக்கும். இதையும் உங்கள் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
அச்சகக்காரர் ஒருவர், கோவை