பாய்க் காசில் வாங்கிய றப்பர் குழாய்

ஸ்காபரோ, கனடா,
பங்குனி

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் பேத்தியின் படமும் கிடைத்தன. பிள்ளை அச்சொட்டாக அப்பம்மா மாதிரி. உன் மூக்கு வராமல் தப்பிவிட்டாள். முழங்காலை யாழ்ப்பாணம் போய்க் காட்டினாயா இல்லையா என்று ஒரு வரியும் எழுதவில்லை. அடுத்த முறை அதைத்தான் முதலில் எழுது.

படகுக்குப் புதுப் பாய் வாங்கியாயிற்றா என்று கேட்டிருந்தாய். இல்லை. அந்தக் காசில் ஒரு பங்கு இரண்டு றப்பர் குழாய்க்கும் இரண்டு வால்வுக்கும் போய்விட்டது. சிரிக்காதே, கேள்.

என் படகு ஆல்பர்க் 30. சுவீடனில் பிறந்த கார்ல் ஆல்பர்க் வரைந்தது. 1962இலிருந்து இங்கே ஒன்ராறியோவிலேயே கட்டினார்கள். நீளம் முப்பது அடி. சுக்கான் பிடிக்கிறவர் இருக்கும் குழியைக் கொக்பிற் என்பார்கள். மழையோ அலையோ அதற்குள் விழுந்தால் தானாக வடிய வேண்டுமே, அதற்காகக் காலடியில் வடிகால் ஓட்டைகள். அவற்றிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய்கள் இறங்கி, தண்ணீர்மட்டத்துக்குக் கீழே படகின் அடியில் திறக்கும். படகு கட்டுகிற நம்மூர் ஓடாவியிடம் போய், அடிமரமான ஏராவுக்குப் பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டுத் தா என்று கேட்டால் உளியாலேயே எறிவார். வல்வெட்டித்துறையில் கட்டி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போன பாய்க்கப்பல் அன்னபூரணிக்கு இப்படி யாராவது ஓட்டை போட்டார்களா என்று நீயும் கேட்பாய். இங்கே பைபர் படகுகளில் இது சாதாரணம். ஓரடி ஆழத்தில் ஒரு குழாய் கழன்றால் நிமிடத்துக்கு நூறு லீற்றர் அளவில் தண்ணீர் உள்ளே வரும். நாலு தொன் படகு மிதப்பது அந்த றப்பரின் தயவில்.

பக்கப் பெட்டிக்குள் தலைகீழாகத் தொங்கி ரோர்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் மேலே நல்ல கறுப்பாய், தடிப்பாய்த்தான் தெரிந்தது. கீழ்மூட்டுப் பக்கம் விரலால் வளைத்தேன். பொருக்குப் பொருக்காய் வெடித்தது. உள்ளே சுற்றியிருந்த கம்பி துருப்பிடித்து ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பும் அப்படித்தான். திருகாணி இருக்கிற மேற்பக்கம் பளபளப்பு, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் பட்டி பாதி இல்லை.

அடி ஓட்டையை மூடித் திறக்கிற வால்வு அதைவிட மோசம். முன்பு வைத்திருந்த யாரோ வீட்டுக் குழாய்க்குப் போடுகிற கேற் வால்வைப் பூட்டியிருக்கிறார். சக்கரத்தைச் சுற்றலாம், சுற்றிக்கொண்டே இருக்கலாம். உள்ளே தகடு அசைகிறதா என்பது முருகனுக்குத்தான் தெரியும். இப்போது வெண்கலத்தில் 'போல் வால்வு' (ball valve, உள்ளே துளையுள்ள உருண்டை திரும்புவது) போட்டிருக்கிறேன். கைபிடி குழாயோடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. இருட்டிலும் கையால் தடவித் தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் மல்லுக்கட்டு. பழைய குழாயை இழுத்தால் வராது. நீளவாக்கில் கத்தியால் கீறிப் பிரித்து உரித்தேன். புதியது கம்பி வைத்த தடித்த றப்பர். இந்தக் குளிரில் விறைத்துக் கிடந்தது. பிளாஸ்கில் கொண்டுபோன கொதிநீரில் முனையைத் தோய்த்து, கோப்பை கழுவுகிற சவர்க்காரம் தடவி, இரண்டு கையாலும் முறுக்கி முறுக்கி ஏற்றினேன். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப், ஒன்றின் திருகாணி இந்தப் பக்கம், மற்றதன் திருகாணி அந்தப் பக்கம். துளைத் துளையாக வெட்டிய பட்டி றப்பரை அறுக்கும், அதனால் துளையில்லாத பட்டியாகத் தேடி வாங்கினேன். விலையைக் கேட்காதே.

குழாய்களைக் குறுக்காகப் போட்டிருக்கிறேன், இடது வடிகால் வலது ஓட்டைக்கு, வலது வடிகால் இடது ஓட்டைக்கு. படகு நன்றாகச் சரிந்தால் காற்று அடிக்கிற பக்கத்து ஓட்டை மேலே வந்துவிடும். தாழ்ந்த பக்கத்து வடிகால் அதோடு இணைந்திருந்தால் ஒன்ராறியோ ஏரி நம் காலடிக்குள் ஏறி வராது. பக்கத்துப் படகு வெள்ளைக்காரர் நேராகப் போட்டால் போதும், குறுக்கே போனால் குழாய் நடுவில் தொய்யும் என்று வாதாடினார். தொய்வைப் பற்றி அவர் சொன்னது சரி. தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். பனிக்காலத்தில் அது உறையும்போது 9 சதவீதம் அளவுக்குப் பெருத்துக் குழாயை வெடிக்க வைக்கும். உங்கள் கடலில் இல்லாத தொல்லை இது. இருந்தாலும் குறுக்காகத்தான் போட்டேன், ஆனால் வழி முழுக்கச் சரிவு இருக்கும்படி தாங்கி வைத்துக் கட்டினேன். படகைக் கரையேற்றியதும் வால்வுகளைத் திறந்தே விடவேண்டும். மூடிய போல் வால்வின் உள்ளே மாட்டுப்பட்ட தண்ணீரும் உறைந்து அதைப் பிளந்துவிடும்.

படகு இன்னும் புளஃபர்ஸ் பார்க்கில் தாங்கிகளின் மேல்தான் நிற்கிறது. வாளியால் கொக்பிற்றில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், மூட்டுகள் காய்ந்தே இருந்தன. கிரேன் வந்து இறக்குகிற அன்று, வார்ப்பட்டியைக் கழற்ற விடாமல், ஒவ்வொரு மூட்டையும் ரிசூத் தாளால் ஒற்றிப் பார்ப்பேன். ஒவ்வொரு வால்விலும் அந்த ஓட்டைக்கு அளவான மரத்தக்கை ஒன்று கயிற்றில் கட்டியும் இருக்கிறது.

பாய்க்கு அடுத்த வருடம் பார்ப்போம். பழையதையே ஒட்டுப் போட்டு ஓட்டலாம். ஆடியில் நீங்கள் இரண்டு பேரும் வருவதென்றால் விசாவுக்கு இப்போதே கொடுங்கள். அழைப்புக் கடிதத்தில் எந்தத் திகதி போடுவது என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் மச்சான்