உஸ்தாத் இல்லாத முகாம்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நவம்பர் பிறந்தால் நம் மாவட்டத்து முன்னாள் படைவீரர்களும், கணவரை இழந்த குடும்ப ஓய்வூதியர்களும் உயிர்வாழ் சான்றுக்காக இ-சேவை மையங்களில் காத்துக் கிடக்கிறார்கள். இந்தச் சான்றை வீட்டிலேயே போனில் முகம் காட்டி எடுக்கலாம். 'வயசானவங்களுக்கு போன் வராது' என்று சொல்வது அநியாயம். வயர்லெஸ் செட்டும் பீரங்கியும் கையாண்டவர்கள் இவர்கள். படையில் புதுக் கருவி வந்தால் உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) விளக்குவார், செய்து காட்டுவார், பிறகு வீரர் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வார். சான்று எடுக்க நடத்தும் முகாம்களில் அந்த மூன்றாவது படியே இல்லை. முகாம் ஊழியர்களே போனை வாங்கி முடித்துக் கொடுப்பதால் அடுத்த ஆண்டும் அதே வரிசை.

வேலை பெரிதல்ல. 4 ஜிபி ரேம், 5 மெகாபிக்சல் கேமரா உள்ள ஆண்ட்ராய்டு போன் போதும். 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', 'ஜீவன் பிரமாண்' இரண்டு செயலிகளையும் ஏற்ற வேண்டும். போனை இயக்குபவர் முதலில் தன் ஆதார், ஓடிபி, முகம் கொடுத்துப் பதிய வேண்டும். மகனோ பேத்தியோ செய்யலாம். அதன் பிறகே ஓய்வூதியரின் விவரமும் முகமும். கண்ணாடியையும் தொப்பியையும் கழற்றி, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, கண் சிமிட்ட வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்து, பதிவாகாது.

பெரிய சிக்கல் வேறு இடத்தில். படை ஓய்வூதியத்தை நேரடியாக வழங்கும் 'ஸ்பர்ஷ்' இணைய அமைப்புக்கு மாறிய பிறகும் பலர், ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு எது என்று கேட்கும் இடத்தில் பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்பர்ஷின் 12 இலக்க பிபிஓ (ஓய்வூதிய ஆணை) எண்ணுக்குப் பதில் பழைய எண்ணைப் போடுகிறார்கள். சான்று எண் குறுஞ்செய்தியில் வந்துவிடும். சான்று ஸ்பர்ஷில் ஏறாது. பணம் நின்ற பிறகுதான் தெரியவரும். ஆகவே சில நாள் கழித்து, சான்று ஏற்கப்பட்டதா என்று ஸ்பர்ஷில் பார்ப்பது கட்டாயம்.

அடுத்தது பெயர். ஆதாரில் இனிஷியல், படை ஆவணத்தில் தந்தை பெயர் முழுதாக. மனைவியர் பெயரில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். இதைத் திருத்த நாளாகும், நவம்பரில் தொடங்கினால் நடக்காது.

எனவே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் செப்டம்பரிலேயே கம்மவான்பேட்டை போன்ற, படைவீரர்கள் நிறைந்த ஊர்களுக்கு வந்து, ஆதாரையும் பிபிஓவையும் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிட்டுத் தர வேண்டும். அண்மையில் ஓய்வு பெற்ற ஹவில்தார்களை ஊருக்கு இருவராக உஸ்தாத் ஆக்கலாம். படுக்கையில் இருப்பவர்களுக்கு, 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரே வீட்டுக்கு வந்து சான்று எடுப்பார் என்பதையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்கள் சிலர்,
கணியம்பாடி ஒன்றியம், வேலூர் மாவட்டம்.