அழுகைக் கோச்சியும் ஜனவரி ஒன்பதும்

திருகோணமலை
11.01.2025

அன்புள்ள மச்சான்,

முந்தநாள் நீ எழுதியது வந்தது. உடனே பதில் போட நினைத்தேன், மழையில் ரெண்டு நாளும் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. வாடைக்காற்று இன்னும் விடவில்லை, டச்சுக்குடாவில் அலை பெரிதாக அடிக்கிறது, வள்ளங்களை எல்லாம் கரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மான்கள் வழக்கம்போல கடைத்தெருவில் ஒதுங்கி நிற்கின்றன. பேத்திக்கு அவற்றுக்கு வாழைப்பழத்தோல் கொடுப்பதுதான் வேலை. வீட்டில் எல்லாரும் சுகம், எனக்குத்தான் முழங்கால் வலி கொஞ்சம் கூட.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். கனடாவில் உன் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் ஒன்பதாம் திகதி ‘இன்று எங்கள் நாள்’ என்று இனிப்புக் கொண்டுவந்து தந்தார் என்றும், ‘போனவர்களுக்கு ஒரு நாள் வைக்கிற நாடும் இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது’ என்றும் எழுதியிருந்தாய். அதை வாசித்ததிலிருந்து எனக்கு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை.

அந்த நாளுக்குப் பெயர் பிரவாசி பாரதிய திவஸ், வெளிநாடு வாழ் இந்தியர் நாள். 2003இல் டெல்லியில்தான் முதன்முதலில் நடந்தது, 2015க்குப் பிறகு பெரிய மாநாட்டை ரெண்டு வருசத்துக்கு ஒருமுறைதான் வைக்கிறார்கள், இந்தமுறை புவனேஸ்வரில். ஏன் ஜனவரி 9 என்றால், 1915இல் அந்தத் திகதியில்தான் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டு பம்பாயில் வந்து இறங்கினார். இதை யோசித்துப் பார் மச்சான், இந்தியாவை விட்டுப் போன திகதியை அவர்கள் எடுக்கவில்லை, திரும்பி வந்த திகதியைத்தான் எடுத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் அதே ஆளோடு அங்கே மறியலுக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை என்ற பிள்ளை, ஜொகன்னஸ்பேர்க்கில் பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் காணாமல், சிறையில் பிடித்த காய்ச்சலோடு 1914 பெப்ரவரியில் பதினாறு வயதில் செத்துப்போனாள். திரும்புவதற்கு அவளுக்கு ஒரு ஊர் இருந்தது என்பதே அப்பா அம்மா சொல்லிக் கேட்டதுதான். ஜனவரி 9 வந்தால் எனக்குக் காந்தியை விட அவள் ஞாபகம்தான் வருகிறது.

இன்னொன்று. அந்த நாளின் கணக்குப்படி அதில் நானும் சேர்த்தி. நாங்கள் ‘இந்திய வம்சாவளி’. தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து மாத்தளைத் தோட்டத்துக்கு வந்தவர், அதற்கு அப்பா சொன்ன பேச்சைத் தவிர ஒரு துண்டுக் காகிதம் எங்களிடம் இல்லை. நான் இந்த நாட்டை விட்டு ஒருநாளும் போகாதவன், எனக்கு அங்கே ஒரு நாள் இருக்கிறது. நீ இந்த மண்ணிலே தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பத்துப் பிள்ளை, 1990இல் ஒரு சூட்கேசோடு போனவன், உனக்கு இங்கே ஒரு நாளும் இல்லை.

பெரியப்பாவை நீ பார்த்ததில்லை. உனக்கு இதை முழுதாகச் சொன்னேனா என்றும் ஞாபகம் இல்லை. 1948 சட்டத்தில் எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமை போனது உனக்குத் தெரியும். பிறகு 1964இல் இங்கத்தைய பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தார்கள், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டு, அவர்களை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பெரியப்பா அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம். எனக்கு அப்போது ஒன்பது வயது, இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற தலைமன்னாருக்குப் போகும் கோச்சியில், அந்த ரயிலில், கண்டி ஸ்டேசனில் அவர்களை ஏற்றிவிடப் போனோம். அழுகைக் கோச்சி என்று அதற்குச் சனங்கள் வைத்த பெயர் அவ்வளவு சரி. அக்கா ஒருத்தி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோச்சியோடு ஓடினாள், பிளாட்பாரம் முடிகிறவரைக்கும்.

பெரியப்பா கூடலூரில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இங்கே இருந்தவரைக்கும் ‘இந்தியாக்காரன்’, அங்கே போனதும் ‘சிலோன்காரன்’. சாகும்வரைக்கும் அந்தப் பெயர் போகவில்லை. சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்தவர்தானே அவரும். அவரை வரவேற்று இனிப்புக் கொடுத்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. இங்கே நின்ற அப்பாவோ 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு எங்களையும் இழுத்துக்கொண்டு திருகோணமலைக்கு ஓடிவந்தார். அதனால்தான் நீ எனக்குக் கூட்டாளியானாய், அதை மட்டும் நான் குறையாகச் சொல்லமாட்டேன். 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அவர் பிரஜை என்று எழுதிய காகிதத்தைக் கையில் வாங்கினார். அதை அவர் பிரேம் போட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

இதையெல்லாம் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், நாள் வைப்பது நல்லதுதான், நமக்கும் ஒன்று வேண்டும் என்று நீ ஆசைப்படுவதும் நியாயம்தான். ஆனால் மேடை போட்டு மாலை போடுவதற்கு முதல் எனக்கு வேண்டியது வேறு. வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் 2024இல் மட்டும் ஆறு பில்லியன் டொலருக்கு மேல் இந்த நாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் அவர்கள் அங்கிருந்தபடி ஒரு வாக்குப் போட வழியில்லை. இரட்டைப் பிரஜாவுரிமையை 2011இல் நிறுத்தினார்கள், 2015இல் திறந்தார்கள், நாளைக்கு என்ன செய்வார்கள் என்று யாருக்குத் தெரியும். உன் அப்பாவின் வளவுக் காணி உறுதிப் பத்திரத்துக்காக நீ போனமுறை வந்தபோது ஒரு கந்தோரில் உன்னை மூன்று நாள் அலைய வைத்து, கடைசியில் ‘நீங்கள் வெளிநாட்டுக்காரர்தானே’ என்று சொன்னார்களே, அன்று உன் முகத்தைப் பார்த்தவன் நான். அந்தச் சொல் இல்லாமல் போகட்டும். அதற்குப் பிறகு நாள் வைக்கட்டும், நானே முன்வரிசையில் போய் உட்காருகிறேன்.

சென்னையில் நாளைக்கு அயலகத் தமிழர் தினம். அங்கே கனடாவில் இந்த மாதம் முழுக்கத் தமிழ் மரபுத் திங்கள், 2016இல் பாராளுமன்றத்திலேயே ஏற்றுக்கொண்டார்கள் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். உன் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் பொங்கல் வைக்கிறார்கள் என்றால் எனக்குச் சந்தோசம், படம் அனுப்பு.

அப்புறம், 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் சனங்கள் நடந்தார்களே, மலையக மக்கள், எங்கள் தோட்டத்து ஆட்கள், இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருசம் என்று. கால் சரியாக இருந்திருந்தால் நானும் போயிருப்பேன். பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு போன வழியில் எதிர்ப்பக்கமாக நடந்து வருவது எப்படி இருக்கும் என்று அந்த நாட்களில் தினமும் நினைத்தேன்.

நீ ஜூன் என்று எழுதியிருக்கிறாய், ஏப்ரல் கடைசியிலேயே வா. கடல் படுத்துவிடும், நிலாவெளியில் பழைய மாதிரிக் குளிக்கலாம், ஒருநாள் விடியக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் போவோம். மேல் அறையைப் பூசி வைத்திருக்கிறேன். சொக்லேற்றுக்குச் சுமை வைக்காதே, உன் அம்மாவின் அந்தப் பழைய படத்தை, கோணேசர் கோயில் படியில் நாம் ரெண்டு பேரும் அரைக்காற்சட்டையோடு அவரோடு நிற்கிறது, அதை ஒரு பிரதி எடுத்து வா, என்னிடம் இருந்தது சுனாமியில் போய்விட்டது. டிக்கெட் போட்டதும் திகதியை எழுது, வான் பிடித்துக்கொண்டு கட்டுநாயக்காவுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
உன் கூட்டாளி