மென்பொருள் பகுப்பாய்வுக் கட்டுரைக்குச் சான்றுகள் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் தமிழ் வழியில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் பாடநூலுக்கு அடுத்தபடியாக நாடுவது, பலரும் கூடி எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தையே. அதில் மென்பொருள் பகுப்பாய்வு (நிரல்களின் நடத்தையைக் கருவிகளைக் கொண்டு ஆராய்வது) குறித்த தமிழ்க் கட்டுரை, நிரலை இயக்காமலேயே பிழைகள் அனைத்தையும் கருவிகள் கண்டுபிடித்துவிடும் என்று எந்தச் சான்றும் இன்றிக் கூறுகிறது. இது தவறு.

ஒரு நிரல் இயங்கி முடியுமா என்பதை எல்லா நிரல்களுக்கும் தீர்மானிக்கும் பொதுவான வழிமுறை இருக்க முடியாது என்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936-இல் நிறுவினார்; நிரலின் நடத்தை பற்றிய பிற கேள்விகளுக்கும் அத்தடை விரிவதை 1953-இல் வெளியான, அமெரிக்கக் கணிதவியலாளர் ஹென்றி ரைஸின் தேற்றம் காட்டியது. அதனால்தான் இக்கருவிகள் சில பிழைகளைத் தவறவிடுகின்றன, அல்லது பிழையற்ற வரியையும் பிழையென எச்சரிக்கின்றன. தோராயத்தைக் கொண்டே நம்பத்தக்க முடிவுக்கு வரும் நெறியைக் கணினி அறிவியலாளர்களான பாட்ரிக் கூசோ, ராதியா கூசோ இணையர் 1977-இல் வகுத்தளித்தனர். துறையின் இந்த அடித்தளத்தைப் பற்றித் தமிழ்க் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தமளிக்கிறது.

கட்டுரையில் உள்ள, கருவிகளை விற்கும் நிறுவனங்களின் விளம்பரப் பக்கங்களுக்கான இணைப்புகளை நீக்கிவிட்டு, இத்தகைய மூல ஆய்வுகளைச் சான்றாகத் தர வேண்டும். பிறமொழிக் கட்டுரையின் இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுவதால், மூலத்தில் நிபந்தனையோடு சொல்லப்பட்டவை தமிழில் நிபந்தனை இழந்து நிற்கின்றன. உதகைக் கல்லூரிகளின் கணினித் துறை ஆசிரியர்கள் மாணவர்களோடு அமர்ந்து, மூலத்துடன் பத்தி பத்தியாக ஒப்பிட்டு இக்கட்டுரையைத் திருத்த முன்வர வேண்டுகிறேன்.

கணினி ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.